குடுவையை நகர்த்தியவள்

அந்தக் குடுவை நகர மறுத்தது.

சொட்டு அதை ஒரு தடவை கிளிக் செய்தாள். இரண்டு தடவை கிளிக் செய்தாள். பிடித்து இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு டெலிட் விசையை அழுத்தினாள். ஆய்வகத்தின் சின்னமான அந்த நீலக் குடுவை, ஸ்லைடின் வலது கீழ் மூலையில், அவளுடைய அட்டவணையின் கடைசி வரிசைமேல் தன் தொந்தியைச் சாய்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது.

கடைசி வரிசையில்தான் விஷயமே இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வரை ஏழு கிணறுகள்தான். அப்போது குடுவைக்கும் அட்டவணைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. பிறகு எட்டாவது கிணற்றின் முடிவு வந்தது. அந்த ஒன்றின் தண்ணீர் மட்டும் குடிக்கத் தகாதது. அதற்கு ஒரு வரிசை சேர்த்தாள். அது நேராகப் போய்க் குடுவைக்கு அடியில் படுத்துக்கொண்டது.

எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தாள். பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. அட்டவணையை மேலே ஏற்றினாள். அது தலைப்பின் கழுத்தைப் பிடித்தது.

நேரம் பத்தரை. மூன்று மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் அம்மா வருகிறார்.

நான்கே பேர் இருக்கும் அந்தத் தண்ணீர், மண் பரிசோதனை ஆய்வகத்தில் அவள்தான் கடைக்குட்டி. எந்த ரசாயனம் கேட்டாலும் "பத்து மில்லி போதும்ணே" என்பாள். பேசுவதும் அதே அளவில்தான். அதனால் ஸ்டோர் அண்ணன் அவளுக்குச் சொட்டு என்று பெயர் வைத்தார். அது ஒட்டிக்கொண்டது.

இன்றோடு அவளுக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. கூட்டம் முடிந்ததும் ஆய்வகத் தலைவர் அவளுடைய தாளில் 'நிரந்தரம்' என்று எழுதுவார், அல்லது 'தேவையில்லை' என்று எழுதுவார். தேவையில்லை என்றால் சித்தப்பாவின் டைல்ஸ் கடை. அங்கே அவளுக்காக ஒரு நாற்காலியை ஏற்கெனவே துடைத்து வைத்திருந்தார்கள். காலையில் அம்மா போன் செய்து அதை நினைவுபடுத்தியிருந்தாள்.

"என்ன ஏதுன்னு சீக்கிரம் சொல்லிடு. சித்தப்பா பாவம், கடைக்கு ஆள் தேடிட்டிருக்கார்."

"சாயங்காலம்தாம்மா தெரியும்."

"தெரியறதுக்கு என்ன இருக்கு? நீ வாயைத் தொறந்து பேசினாத்தானே நீ அங்க வேலை பார்க்கறதே அவங்களுக்குத் தெரியும்."

சொட்டு அதற்குப் பதில் சொல்லவில்லை. அம்மா சொன்னது சரி என்பதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

குடுவையைப் பெயர்க்க முடியாமல் போனதற்குக் காரணம், போன வருடக் கூட்டத்தில் பட்ட அவமானம். அப்போது ஆளுக்கு ஒரு ஃபைல் கொண்டுவந்தார்கள். ஒருவர் ஸ்லைடில் ரோஜாப்பூ நிறம். ஒருவர் ஸ்லைடில் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குட்டிக்கரணம் அடித்து வந்து நின்றன. "இது ஆய்வகமா, வாழ்த்து அட்டை விக்கிற கடையா?" என்று கேட்டுவிட்டு இயக்குநர் போய்விட்டார்.

அதனால் இந்த வருடம் ஒரே ஃபைல், ஒரே டெம்ப்ளேட். ஃபைல் பொதுவில் இருக்கும். அவரவர் இடத்திலிருந்தே திறந்து அவரவர் ஸ்லைடை நிரப்ப வேண்டும். ஒருவர் செய்யும் மாற்றம் எல்லோருடைய திரையிலும் தெரியும். தலைவர் ஒரு சுற்றறிக்கையும் விட்டிருந்தார். 'டெம்ப்ளேட்டில் எவரும் கை வைக்கலாகாது. மீறுபவர்மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' நான்கு பேரும் படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், எழுதிய தலைவர் உட்பட.

காலையில் ஃபைலைத் திறந்தபோது மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்து ஏதோ சொன்னது. அது தினமும் ஏதாவது சொல்லும். சொட்டு படிக்காமல் மூடிவிட்டாள். அவளுக்குக் குடுவைதான் கவலை.

நகர்த்த முடியாததை மறைத்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு வெள்ளைக் கட்டம் வரைந்து குடுவையின் மேல் வைத்தாள். அதன்மேல் கடைசி வரிசையைத் தனியாக எழுதினாள். தள்ளி நின்று பார்த்தாள். டெம்ப்ளேட்டின் பின்னணி வெள்ளை இல்லை, இளம் சந்தனம். கட்டம் பிளாஸ்திரி ஒட்டியதுபோல் இருந்தது.

நிறத்தை மாற்றினாள். கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது. மறுபடி மாற்றினாள். கொஞ்சம் சாம்பல். சித்தப்பாவின் கடையில் வெள்ளையிலேயே பதினான்கு வகை உண்டு என்பதும், வாடிக்கையாளர்கள் பதினான்கையும் வெயிலில் வைத்துப் பார்ப்பார்கள் என்பதும் ஞாபகம் வந்தது.

ஒரு ஸ்லைடில் மட்டும் பிளாஸ்திரி இருந்தால்தானே கண்ணை உறுத்தும் என்று தன்னுடைய எட்டு ஸ்லைடிலும் ஒட்டினாள். இப்போது எட்டு ஸ்லைடும் விபத்தில் சிக்கியவைபோல் இருந்தன.

காலி பாட்டில் கணக்கெடுக்க வந்த ஸ்டோர் அண்ணன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன சொட்டு, ஸ்லைடுக்கு அடிபட்டிருச்சா?"

"இந்தக் குடுவை நகர மாட்டேங்குதுண்ணே."

"எப்படி நகரும்? அது மாஸ்டர் ஸ்லைடுல இருக்கு. மேல வியூன்னு ஒண்ணு இருக்கும் பாரு, அதுக்குள்ள போனா ஸ்லைடு மாஸ்டர். அங்க நகர்த்தினா எல்லாத்துலயும் நகரும்."

"அதுதானேண்ணே டெம்ப்ளேட்? அதுல கை வைக்கக் கூடாதுன்னு..."

"கை வைன்னு நான் சொன்னேனா? இருக்கிற இடத்தைச் சொன்னேன். விலாசம் சொன்னா வீட்டுக்குள்ள போன்னு அர்த்தமா?"

"உங்களுக்கு எப்படிண்ணே இதெல்லாம் தெரியும்?"

அண்ணன் கையிலிருந்த பட்டியலை உற்றுப் பார்த்தார். "பொதுவா தெரியும்," என்று சொல்லிவிட்டு, பாட்டில்களை எண்ணாமலே போய்விட்டார்.

சொட்டு பத்து நிமிடம் நல்ல பிள்ளையாக இருந்தாள். பிறகு விலாசத்துக்குப் போனாள்.

உள்ளே வேறு ஓர் உலகம் இருந்தது. இடப்பக்கம் மேலே ஒரு பெரிய ஸ்லைடு. அதன்கீழ் வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்லைடுகள், தாய்க்கோழிக்குப் பின்னால் குஞ்சுகள் போவதுபோல. தாயின் மூலையில் குடுவை இருந்தது. சொட்டு வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. குடுவையைத் தொட்டாள். ஒரு மணி நேரமாகக் கல்லாக இருந்தது, இப்போது பூனைக்குட்டி மாதிரி கூடவே வந்தது. அதைக் கொண்டுபோய் வலது மேல் மூலையில் உட்காரவைத்தாள்.

வெளியே வந்தாள். பிளாஸ்திரிகளைப் பிய்த்தெடுத்தாள். எட்டாவது கிணறு பளிச்சென்று தெரிந்தது. அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. தண்ணீர் குடித்தாள்.

பாதி மடக்கில் மண் பிரிவிலிருந்து குரல் வந்தது.

"அய்யய்யோ, என் தலைப்பெல்லாம் எங்க போச்சு?"

மண் பிரிவு அக்கா இருபத்திரண்டு வருடமாக அங்கே இருப்பவர். மண்ணை விரலால் நசுக்கியே அது எந்த வயல் என்று சொல்லக்கூடியவர். சொட்டு உள்ளே நுழைந்ததும் திரையில் இருந்த எதையோ சட்டென்று சிறிதாக்கிக் கீழே தள்ளினார். செருப்பு விற்கும் தளமாக இருக்கும் என்று சொட்டு நினைத்தாள். அக்காவுக்குச் செருப்பு என்றால் உயிர்.

"பாரு. 'களிமண்ணில் ஈரப்பதம் தங்கும் காலமும் அதனால் வேர்களுக்கு ஏற்படும் விளைவுகளும்'. காணோம். 'வண்டல் மண்ணில்'. அதையும் காணோம். அப்படியே சுத்தமா வழிச்சுட்டுப் போயிருக்காங்க."

"குடுவை எங்கக்கா இருக்கு?" என்று சொட்டு மெல்லக் கேட்டாள்.

"தலைப்பே போச்சுங்கறேன், நீ குடுவையைத் தேடறே."

குடுவை பழைய இடத்திலேயே, கீழ் மூலையில் இருந்தது. சொட்டுக்குத் தலை சுற்றியது. தான் நகர்த்திய குடுவை நகரவில்லை. தொடாத தலைப்பு போய்விட்டது. மாற்றம் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும்போல, முதலில் கெடுதலும் பிறகு நல்லதும் வரும்போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினாள். மாஸ்டருக்குள் புகுந்து குடுவையை இறக்கிப் பழைய இடத்தில் வைத்தாள்.

"அக்கா, தலைப்பு வந்துருச்சா?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

அந்தப் பக்கம் விசைப்பலகை படபடத்தது. "வந்துருச்சு, வந்துருச்சு," என்றார் அக்கா.

சொட்டு மூச்சு விடுவதற்குள் ஸ்டோரிலிருந்து அண்ணன் கத்தினார். "யாருப்பா இது? தலைப்பெல்லாம் எறும்பு சைஸ் ஆயிடுச்சு."

போய்ப் பார்த்தாள். எறும்புதான். அண்ணனுடைய பாட்டில் படங்களுக்கு மேலே ஒரு வரிசை எறும்பு போய்க்கொண்டிருந்தது.

சொட்டு தன் சோதனைக் குறிப்பேட்டை எடுத்தாள். ஒரு பக்கத்தை இரண்டாகக் கோடிட்டாள். இடப்பக்கம் 'செய்தது', வலப்பக்கம் 'நடந்தது'.

குடுவையை மேலே ஏற்றினேன் — தலைப்புகள் மறைந்தன.

குடுவையைக் கீழே இறக்கினேன் — தலைப்புகள் சிறுத்தன.

இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு விதி இருந்தாக வேண்டும். மூன்று வருடம் வேதியியல் படித்தவளுக்குத் தெரியாத விதியாகத்தான் இருக்க வேண்டும். ஒரு சின்ன மாற்றம் செய்து, காத்திருந்து, விளைவைப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். மாஸ்டரில் பக்க எண்ணை மட்டும் சிவப்பாக்கினாள். பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, தாகத்தோடு போகிற ஆள்போல ஸ்டோர் பக்கம் போனாள்.

"சொட்டு, இங்க வா," என்றார் அண்ணன். "இதுல என்ன தெரியுது சொல்லு."

திரை முழுக்கக் கருநீலம். அதன்மேல் கறுப்பு எழுத்து.

"ஒண்ணும் தெரியலேண்ணே."

"கிணத்துக்குள்ள காக்கா பறக்குது. அதுதான் தெரியுது."

"பக்க எண் என்ன நிறத்துலண்ணே இருக்கு?"

"பக்கத்தையே காணோம், எண்ணுக்கு எங்க போவேன்?"

திரும்பி வந்து எழுதினாள். பக்க எண்ணைச் சிவப்பாக்கினேன் — இருட்டிவிட்டது.

எண்ணை மறுபடி கறுப்பாக்கிவிட்டு யோசித்தாள். ஒன்றுமே செய்யாமல் விட்டுப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். கல்லூரியில் அதற்குத் தனியாக ஒரு குடுவையே வைப்பார்கள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய திரையில் எல்லாம் சந்தன நிறத்தில் சமர்த்தாக இருந்தது.

"கடவுளே," என்றார் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா. "இப்ப வரிக்கு வரி அம்புக்குறி முளைக்குது."

ஒன்றும் செய்யவில்லை — அம்புகள்.

அந்த வரியைச் சொட்டு நீண்ட நேரம் பார்த்தாள். இதையே வேறு யாராவது ஒருவரின் குறிப்பேட்டில் அவள் படித்திருந்தால், காரணம் உன்னிடம் இல்லை, வேறு எங்கேயோ இருக்கிறது என்று அடித்துச் சொல்லியிருப்பாள். ஆனால் காலையில் வாசலைப் பார்த்துவிட்டுத் திருட்டுத்தனமாக மாஸ்டருக்குள் நுழைந்தது அவள்தான். 'முன்பு செய்ததன் வீரியம் இன்னும் தீரவில்லை' என்று பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

ஒரு மணிக்கு ஆய்வகத் தலைவர் அறையிலிருந்து வெளியே வந்தார். மூவரையும் தாழ்வாரத்தில் நிற்கவைத்தார். சுற்றறிக்கை அவர் கையில் இருந்தது.

"யார் டெம்ப்ளேட்ல கை வச்சது?"

ஸ்டோர் அண்ணன் தரையைப் பார்த்தார். மண் பிரிவு அக்கா தன் நகங்களைப் பார்த்தார். சொட்டுக்குக் காது மடல் சுட்டது.

"வைரஸா இருக்கும் சார்," என்றார் அண்ணன்.

"புழுக்கம் சார்," என்றார் அக்கா. "இந்தப் புழுக்கத்துக்கு எல்லாம் இப்படித்தான் ஆகும். என் கம்ப்யூட்டர் தொட்டாலே சுடுது."

"நான் இப்ப மாஸ்டர்ல போய்ப் பார்த்தேன்," என்று ஆரம்பித்த தலைவர் சட்டென்று நிறுத்தினார். "பார்க்க மட்டும்தான் செஞ்சேன். உள்ள போகலே. வெளியிலிருந்து பார்த்தேன்."

சுற்றறிக்கையைச் சுருட்டி விசிறிக்கொண்டார்.

"சொட்டு, நீதான் இதைச் சரி பண்ணணும். இங்க வம்பு தும்புக்குப் போகாத ஆள் நீ ஒருத்திதான். அப்படியே யார் பண்ணினதுன்னும் கண்டுபிடி."

"சார், நான்..."

"தெரியும், நேரம் போதாது. ரெண்டரைக்குள்ள முடிச்சிடு."

"இல்ல சார், நான்தான்..."

"ஆமா, நீதான். வேற யாரை நம்பறது?" என்று சொல்லிவிட்டு அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திருடியையே காவலுக்கு வைத்துவிட்டார்கள். சொட்டு சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மாஸ்டருக்குள் போய்த் தாய்க்கோழியை அங்குலம் அங்குலமாகச் சோதித்தாள். குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவளுடைய திரையில் தலைப்பு தலைப்பின் அளவில் இருந்தது. அம்புக்குறி ஒன்றுகூட இல்லை. திருத்துவதற்கே எதுவும் கிடைக்கவில்லை. பாத்திரம் பளபளவென்று இருக்கிறது, ஆனால் வீடு முழுக்கக் கருகல் வாடை.

மனசு கேட்காமல் குடுவையை ஒரு மயிரிழை இடப்பக்கம் தள்ளிவிட்டு, மறுபடி ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளினாள். பிறகு எழுந்து போய்க் கேட்டாள்.

"அக்கா, இப்ப சரியாச்சா?"

அக்கா திரும்பாமலே சொன்னார். "சரியாகிட்டு வருது. நீ போ, நீ போ."

"அண்ணே?"

"கொஞ்ச நேரத்துல சரியாயிடும்." அண்ணன் திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"பொதுவா சொல்றேன்."

தலைவரின் கதவுக்குப் பின்னால் மௌஸ் டக் டக்கென்று ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பாவம், அவர் வேறு வேலையாக இருக்கிறார் என்று சொட்டு தட்டாமலே வந்துவிட்டாள்.

மூன்று மணிக்கு இயக்குநர் அம்மா வந்தார். ஒல்லியான பெண்மணி. கையில் ஒரு பேனாவும் ஒரு சின்ன நோட்டும் மட்டும். கூட்ட அறையில் விளக்கை அணைத்தார்கள். அங்கிருந்த கணினியில் தலைவர் தன் கையாலேயே ஃபைலைத் திறந்தார்.

திரையில் முதல் ஸ்லைடு வந்தது.

மேலே கொட்டை எழுத்தில் 'களிமண்ணில் ஈரப்பதம் தங்கும் காலமும் அதனால் வேர்களுக்கு ஏற்படும் விளைவுகளும்' என்று இருந்தது. ஸ்லைடுக்கு நடுவே, ஜன்னல் அளவுக்கு ஒரு காலி பாட்டில். அடியில் மூன்று வரிக்கு ஆய்வகத் தலைவரின் பெயரும் பட்டங்களும், பட்டம் வாங்கிய வருடங்களும். மிச்சமெல்லாம் கருநீலம். அந்தக் கருநீலத்துக்குள் எங்கேயோ 'இயக்குநருக்கு நல்வரவு' என்ற வரி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. குடுவை மட்டும் எந்தக் கலவரத்திலும் சேராமல் பழைய மூலையில் உட்கார்ந்திருந்தது.

தலைவர் அவசரமாக அடுத்த ஸ்லைடுக்குப் போனார். களிமண், பாட்டில், பட்டங்கள். அடுத்தது. களிமண், பாட்டில், பட்டங்கள். தண்ணீர்ப் பிரிவின் கிணறுகளெல்லாம் அந்த ஒரே பாட்டிலுக்குப் பின்னால் அடைந்துகிடந்தன.

ஒரு குடுவையை நகர்த்தினால் தலைவரின் பட்டங்கள் எப்படி முளைக்கும் என்று சொட்டுக்குச் சத்தியமாகப் புரியவில்லை. ஆனால் புரியாத பல விஷயங்கள் உண்மையாக இருப்பதை அவள் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறாள்.

"இது என்ன?" என்று கேட்டார் இயக்குநர்.

ஏசி மட்டும் முனகியது.

"கேக்கறேனில்ல. யார் செஞ்சது இது?"

தலைவர் தொண்டையைச் செருமினார். அக்கா கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார். அண்ணன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். அவர் போட்டிருந்தது செருப்பு.

சித்தப்பா கடையின் நாற்காலி சொட்டின் கண்முன் வந்து நின்றது. பதினான்கு வெள்ளைகளும் வரிசையாக நின்றன. இனி எதையும் காப்பாற்ற முடியாது, உண்மையையாவது சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. எழுந்தாள்.

"நான்தான் மேடம்."

இருட்டில் மூன்று பேர் ஒரே சமயத்தில் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"நீயா? என்ன செஞ்சே?"

"குடுவையை நகர்த்தினேன் மேடம்."

"குடுவையை நகர்த்தினதுக்கா இவ்வளவும்?"

"பக்க எண்ணையும் சிவப்பாக்கினேன். அப்புறம் பத்து நிமிஷம் ஒண்ணும் செய்யாமயும் இருந்தேன்." தன் குறிப்பேட்டைப் பார்த்து இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள். "அதனாலதான் அம்பு வந்துச்சு."

இயக்குநர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த மாதிரி வாக்குமூலம் அவர் அனுபவத்தில் இல்லைபோலிருந்தது. பிறகு பேனாவால் மேசையைத் தட்டினார்.

"அந்த மெஷினை அணைங்க. விளக்கைப் போடுங்க. அவங்கவங்க வேலையை அவங்கவங்க வாயால சொல்லுங்க. முதல்ல நீ சொல்லு."

சொட்டு அன்றுவரை நான்கு வாக்கியத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. குறிப்பேட்டைத் திறந்து எட்டு கிணறுகளையும் சொன்னாள். குரல் நடுங்கியது. எண்கள் நடுங்கவில்லை. எட்டாவது கிணற்றுக்கு வந்ததும் இயக்குநர் பேனாவைத் திறந்தார்.

"பக்கத்துல எத்தனை வீடு?"

"நாப்பத்தொண்ணு மேடம். நேரா போய் எண்ணிட்டு வந்தேன்."

"எத்தனை தடவை சோதிச்சே?"

"நாலு தடவை. நாலும் ஒண்ணுதான்."

இயக்குநர் எழுதிக்கொண்டார். "இன்னைக்கே அதை மூடச் சொல்றேன்," என்றார். மற்றவர்கள் பேசியதை அவர் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. நான்கு மணிக்குக் கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகுதான் சொட்டு உண்மையிலேயே குழம்பிப்போனாள்.

தலைவர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் அவளுடைய தாள் இருந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்காரு, உக்காரு," என்றார். இந்த ஆறு மாதத்தில் அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை. "தப்பை ஒத்துக்கறதுக்குப் பெரிய மனசு வேணும். எல்லாருக்கும் அது வராது." எல்லாருக்கும் என்று சொல்லும்போது ஏனோ ஜன்னலைப் பார்த்தார். "நிரந்தரம்னு எழுதிட்டேன். சந்தோஷமா?"

"சார், சுற்றறிக்கையில கடும் நடவடிக்கைன்னு..."

"எந்தச் சுற்றறிக்கை?"

"நாம எல்லாரும் கையெழுத்துப் போட்ட..."

"அதை விடும்மா. இந்த விஷயத்தை இனிமே யாரும் கிளற வேண்டாம். யார் என்ன செஞ்சாங்கன்னு ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். நீ ஒத்துக்கிட்டே, முடிஞ்சு போச்சு." அவளிடம் ஒரு பேனாவையும் கொடுத்தார். நல்ல பேனா.

வெளியே வந்தால் மண் பிரிவு அக்கா தன்னுடைய சுழல் நாற்காலியை அவள் மேசைக்கு உருட்டிக்கொண்டு வந்தார். ஆய்வகத்திலேயே முதுகு சாய முடிந்த ஒரே நாற்காலி அதுதான்.

"சின்ன வயசு, இப்பவே முதுகைப் பார்த்துக்கணும். வச்சுக்கோ."

"அக்கா, உங்க களிமண் தலைப்பெல்லாம் நான்தான் நாசம் பண்ணினேன்."

"அட, போகட்டும் விடு. தலைப்பு என்ன பெரிய தலைப்பு," என்ற அக்கா அவள் கன்னத்தைத் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஸ்டோர் அண்ணன் ஒரு புதுப் பெட்டி கையுறையும் ஒரு லிட்டர் அமிலமும் கொண்டுவந்து வைத்தார்.

"பத்து மில்லி போதும்ணே," என்றாள் சொட்டு.

"இனிமே உனக்கு அளவே கிடையாது. எவ்வளவு வேணுமோ கேளு." போகிறபோது வாசலில் நின்று திரும்பினார். "நீ தெய்வம், சொட்டு."

திட்டியிருந்தால் புரிந்திருக்கும். சொட்டு குறிப்பேட்டைத் திறந்து, நான்கு பேருடைய வேலையைக் கெடுத்தேன் என்று இடப்பக்கம் எழுதினாள். வலப்பக்கம் நாற்காலி, கையுறை, பேனா, நிரந்தரம் என்று எழுதினாள். கோடு போட்ட இடத்திலேயே பார்வை நின்றது. இதற்கும் ஒரு விதி இருந்தாக வேண்டும்.

அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"வேலை நிரந்தரமாயிடுச்சும்மா."

"நிஜமாவா? நீ என்ன செஞ்சே?"

"தப்பு செஞ்சேம்மா."

"என்னடி சொல்றே?"

"எல்லார் வேலையையும் கெடுத்தேன். அப்புறம் எழுந்து நின்னு நான்தான்னு சொன்னேன். எல்லாரும் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"சாப்பிட்டியா நீ?"

"இல்ல."

"அதான். முதல்ல சாப்பிடு. சித்தப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

ஐந்தரை ஆகியிருந்தது. மற்றவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள், ஒவ்வொருவரும் அவளிடம் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு. சொட்டு சுழல் நாற்காலியில் சாய்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். காலையும் மாலையும் ஆய்வகத்தைப் பெருக்கித் துடைக்கும் ஆயா வாளியோடு உள்ளே வந்தார். அவள் மேசைக்கு அடியில் குனிந்தவர், நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"காலையில என் தொடப்பம் பட்டுக் கழண்ட நெட்டு வயரு அப்படியே கிடக்கு, நீ வந்து மாட்டிக்குவேன்னுல்ல நினைச்சேன், நாள் பூரா நெட்டே இல்லாம அப்படி என்னம்மா விழுந்து விழுந்து வேலை பார்த்தே?"